பாலோடு வந்தது

மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

நீ படம் எடுத்து அனுப்பிய பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். ஜப்பானிய எழுத்து எனக்குத் தெரியாது. நடுவில் இருந்த ஹெச்டிஎல்வி-1 என்ற பெயரும் அதற்கு எதிரே போட்டிருந்த கூட்டல் குறியுமே எனக்குப் போதும். இது முதல் சோதனையின் முடிவாக இருந்தால், 'கொஞ்சம் பொறு, மாறலாம்' என்று சொல்லியிருப்பேன். கர்ப்பிணிகளுக்கு ஜப்பானில் முதலில் செய்வது சலித்தெடுக்கும் சோதனைதான். அதில் பாசிட்டிவ் என்று வருகிறவர்களில் பலருக்கு உறுதிப்படுத்தும் சோதனையில் ஒன்றும் இருக்காது. நீ அனுப்பியது அந்த இரண்டாவது சோதனையின் தாள்தான் என்கிறாய். அப்படியென்றால் வைரஸ் உன் மனைவியின் உடம்பில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே பேசுவோம்.

உன் பயத்தில் பாதி அவளைப் பற்றியது. அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். இந்த வைரஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது இதனால் ரத்தப் புற்று வருகிறது. பெண்களுக்கு அதையும்விடக் குறைவு. வந்தாலும் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய பிறகுதான். இன்னும் சிலருக்கு, ஆயிரத்தில் ஒரு மூன்று பேருக்கு என்று வைத்துக்கொள், தண்டுவடம் பாதித்து கால்கள் விறைத்துப்போய் நடை தடுமாறும். மற்ற எல்லாரும் தங்களுக்குள் இப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்து, வேறு ஏதாவது காரணத்தால் வயதாகிக் கண்மூடுகிறார்கள். வைரஸை உடம்பை விட்டு விரட்ட மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னதும் நீ உடைந்துபோனாயாம். தெரிந்துகொள், அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கு மருந்தே தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு முறை ரத்தம் பார்த்துக்கொள்வதும், கழுத்திலோ அக்குளிலோ கட்டி தென்பட்டாலோ ஆறாத தோல் தடிப்பு வந்தாலோ உடனே காட்டுவதும் போதும்.

பிள்ளையின் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் இந்த வைரஸின் குணத்தை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்தால் தேவையில்லாத பயம் பாதி கழன்றுவிடும். இது ரத்தத்தில் தனியாக மிதந்து திரிவதே அரிது. டி செல் என்ற வெள்ளணுவுக்குள் புகுந்து, அதன் மரபணுவிலேயே தன்னை எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்தச் செல் இரண்டாகும்போது தானும் இரண்டாகும். இன்னொருவருக்குப் போக வேண்டுமென்றால் உயிருள்ள செல்லே நேராக அடுத்த உடம்புக்குள் போக வேண்டும். இருமலில் பரவாது. ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. கொசு கடித்துப் பரவாது. ஒருவர் குளித்த வெந்நீர்த் தொட்டியிலேயே வீட்டில் அடுத்தவரும் இறங்குவோம் என்று சொல்வாயே, அதிலும் பரவாது. அதற்கு முக்கியமாக மூன்று வழி உண்டு: தாய்ப்பால், தாம்பத்தியம், ரத்தம். ரத்த வழியை ஜப்பான் 1986-லேயே அடைத்துவிட்டது. தானமாக வரும் ரத்தம் முழுவதையும் அந்த ஆண்டிலிருந்து சோதிக்கிறார்கள். இங்கே எங்கள் ரத்த வங்கியில் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்குத்தான் கட்டாயச் சோதனை. ஹெச்டிஎல்வி அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் இத்தனை வருடம் ரத்தத்தோடு புழங்கியும் இதை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நீ போன் செய்த இரவிலிருந்து வேறு எதையும் படிக்கவில்லை.

படித்ததில் ஒரு பகுதியை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது உன் மாமியார் ஊரின் கதை. 1970-களில் கியோத்தோவில் கியோஷி தகாட்சுகி என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் வழக்கத்துக்கு மாறான ஒரு ரத்தப் புற்றைக் கவனித்தார்கள். வயது வந்தவர்களுக்கே வந்தது, வேகமாகக் கொன்றது. ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால், வெள்ளணுவின் உட்கரு உருண்டையாக இல்லாமல் மடல் மடலாக விரிந்திருந்தது. இன்றும் அதை 'பூ செல்' என்றுதான் சொல்கிறார்கள். அதன் படங்களைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது, அதுவே மனதைப் பிசைகிறது. நோயாளிகள் வந்து சேர்ந்தது கியோத்தோ மருத்துவமனைக்கு. ஆனால் ஒவ்வொருவரிடமும் சொந்த ஊர் எது என்று விசாரித்தால் பெரும்பாலோர் தெற்கே கியூஷூவில் பிறந்தவர்கள். பிறந்த ஊரைக் கேட்ட அந்த ஒரு கேள்விதான் கதவைத் திறந்தது. 1977-ல் அதைத் தனி நோயாக எழுதினார்கள். 1980-ல் அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் ஆய்வகம் மனிதனிடம் முதன்முதலாக ஒரு ரெட்ரோவைரஸைக் கண்டது. 1981-ல் யோரியோ ஹினுமா ஜப்பானிய நோயாளிகள் அத்தனை பேரின் ரத்தத்திலும் ஒரு வைரஸுக்கான எதிர்ப்புப் பொருளைக் கண்டார். இரண்டும் ஒரே வைரஸ்தான் என்று அடுத்த ஓரிரு வருடத்தில் தெளிவானது. நோய் அதிகமுள்ள பகுதிகளில் நல்ல ஆரோக்கியத்தோடு நடமாடிக்கொண்டிருந்த பெரியவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவரிடமும் அந்த எதிர்ப்புப் பொருள் இருந்தது.

அதற்குப் பிறகு குடும்பம் குடும்பமாக ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தாய்க்கு இருந்தால் பிள்ளைகளில் சிலருக்கு இருந்தது. தாய்க்கு இல்லாமல் தகப்பனுக்கு மட்டும் இருந்தால் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கணவனுக்கு இருந்தால் பல வீடுகளில் மனைவிக்கும் இருந்தது. மனைவிக்கு மட்டும் இருந்த வீடுகளில் கணவனுக்கு வந்தது குறைவு. காசநோயோ அம்மையோ இப்படி ஆள் பார்த்து நடக்காது. கருவில் வருகிறதா, பிரசவத்திலா, பாலிலா என்ற கேள்விக்கு நாகசாகியில் ஷிகேயோ ஹினோவும் அவருடன் வேலை செய்தவர்களும் விடை தேடினார்கள். வைரஸ் உள்ள தாய்மார்களின் பாலில் தொற்றிய செல்கள் இருந்தன. அந்தப் பாலை மார்மோசெட் என்ற சின்னக் குரங்குக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது அதற்குத் தொற்றியது. 1987-ல் நாகசாகி மாகாணம் முழுவதும் கர்ப்பிணிகளுக்குச் சோதனை செய்து, வைரஸ் உள்ள தாய்மார்களிடம் பால் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ பால் குடித்த பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் இருபது பேருக்குத் தொற்றியிருந்தது. புட்டிப்பால் மட்டும் குடித்தவர்களில் அது 2.5 ஆகக் குறைந்தது.

உன் மாமியாரின் கோத்தோ தீவு அதே நாகசாகி மாகாணம்தான். உன் மனைவி பிறந்தது 1985. அந்தத் திட்டத்துக்கு இரண்டு வருடம் முன்னால்.

இதை எண்ணி அவள் தன் அம்மாவின் மேல் கோபப்பட்டு அழுததாக எழுதியிருக்கிறாய். அந்த அழுகையை அடக்கச் சொல்லாதே. ஆனால் அது ஓய்ந்த பிறகு இதை எடுத்துச் சொல். அவள் அம்மா அவளைத் தூக்கி மடியில் போட்டுப் பால் கொடுத்தபோது தீவில் யாரும் அந்த அம்மாவிடம் வந்து கொடுக்காதே என்று சொல்லவில்லை. அவருக்கே அவருடைய அம்மா கொடுத்ததுதான் அது. அல்லது நடுவில் ஏதோ ஒரு தலைமுறையில் ஒரு கணவனிடமிருந்து வந்ததாக இருக்கும். இந்த வைரஸ் மிக மெதுவாகவே மாறும் என்பதால், அவளுடைய பாட்டியின் பாட்டியிடம் இருந்ததும் இன்று அவளிடம் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் ஆப்பிரிக்கக் குரங்குகளிடமிருந்து மனிதருக்கு வந்து, பெரும்பாலும் பசியாற்றிய தாய்மார்கள் வழியாக இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. இதில் யாரைப் பிடித்து யாரைக் குற்றவாளி ஆக்குவது? உன் மாமியாரின் அண்ணன் ரத்தப் புற்றில் போனார் என்றாய். இதுவாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாமியாருக்குச் சொல்வதா வேண்டாமா என்பது மகளின் முடிவு. என் எண்ணம், சொல்வது நல்லது. அவருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது, அவருடைய டாக்டருக்குத் தெரிந்திருப்பது உதவும். ஆனால் குழந்தை பிறந்து கையில் வந்த பிறகு சொல்லட்டும். இப்போது சொன்னால் மீதி மாதங்களை அந்த அம்மா தன்னைத் திட்டிக்கொண்டே கழிப்பார்.

ஒன்றை மட்டும் கோபத்தோடு எழுதுகிறேன். நாகசாகி 1987-ல் செய்ததை நாடு முழுவதும் செய்ய 2010 ஆகிவிட்டது. 1990 வாக்கில் அரசின் ஆய்வுக்குழு ஒன்று, இது கியூஷூ பக்கத்து விஷயம், தானாகவே குறைந்துவிடும், நாடு தழுவிய சோதனை தேவையில்லை என்று முடிவு சொல்லியிருந்தது. மக்கள் பிறந்த ஊரிலேயே இருந்துவிடுவார்களா? தீவில் பிறந்த பெண்கள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் வேலைக்குப் போனார்கள், அங்கேயே பிள்ளை பெற்றார்கள், யாரும் சோதிக்கவில்லை. நடக்க முடியாமல் போன நோயாளிகள் திரண்டு கேட்டபிறகுதான், 2010 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் நவோத்தோ கான் அவர்களை நேரில் சந்தித்து இதற்கென்று ஒரு குழு அமைத்தார். வடக்கே மியாகி மாகாணத்தின் முன்னாள் ஆளுநர் ஷிரோ அசானோ தனக்கு இந்தப் புற்று வந்திருப்பதை 2009-ல் வெளியில் சொன்னதும் அந்தச் சமயத்தில்தான். எலும்பு மஜ்ஜை மாற்றி அவர் பிழைத்துக்கொண்டார். உன் மனைவியின் தாள் உன் கைக்கு வந்ததே அந்த நோயாளிகள் போட்ட சத்தத்தால்தான்.

இப்போது உங்கள் முன்னால் இருப்பது பால் பற்றிய முடிவு. ஒன்று, பிறந்த நாளிலிருந்தே புட்டிப்பால். சீம்பாலும் கிடையாது. பிரசவமானதும் பால் கட்டாமலிருக்க மாத்திரை கொடுப்பார்கள்; அப்படியும் ஓரிரு நாள் மார்பு கனத்து வலிக்கலாம், ஈரத்துணியோடு பக்கத்தில் இரு. இன்னொன்று, 90 நாள் வரை மட்டும் தாய்ப்பால், அதற்குள் நிறுத்திவிடுவது. கருவிலிருக்கும்போதே தாயிடமிருந்து பிள்ளைக்குப் போன எதிர்ப்புப் பொருள் முதல் சில மாதங்களுக்குக் காவல் இருக்கிறது என்பது அதன் காரணம். அண்மையில் ஜப்பானில் செய்த ஆய்வில், 90 நாளுக்குள் நிறுத்திய பிள்ளைகளுக்கும் புட்டிப்பால் மட்டும் குடித்த பிள்ளைகளுக்கும் தொற்றில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. பாலைப் பீய்ச்சி உறையவைத்து, செல்கள் செத்த பிறகு உருக்கிக் கொடுக்கும் வழியும் உண்டு. அதற்கு ஆதாரம் கொஞ்சம்தான், வேலையும் அதிகம்.

நான் என்ன சொல்வேன் என்று கேட்டிருக்கிறாய். 90 நாள் என்பது தாளில் எளிது. மார்பில் பழகிய பிள்ளை மூன்றாவது மாதம் புட்டியை வாயில் வாங்காமல் வீரிடும். பால் ஊறிக்கொண்டே இருக்கும், இரவு இரண்டு மணிக்கு யாருக்கும் மனம் தாங்காது. அப்படி நிறுத்த முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அந்த வழிதான் வேண்டுமென்று அவள் சொன்னால், இரண்டாவது மாதத்திலேயே புட்டியைப் பழக்க உதவும் பேறுகாலச் செவிலியரை இப்போதே பேசி வைத்துவிடுங்கள். அது முடியாது என்றால் முதல் நாளிலிருந்தே புட்டிப்பால் என்பதுதான் என் கருத்து. ஆனால் மார்பு அவளுடையது, முடிவும் அவளுடையது. நீயும் நானும் தகவல் சொல்லலாம், அவ்வளவுதான்.

தாய்ப்பாலே சிறந்தது என்று எங்கள் மருத்துவமனைச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறோம். அது உண்மை. நல்ல தண்ணீர் கிடைக்காத ஊரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால், எழுபது வயதில் வரக்கூடிய ஒரு புற்றைத் தடுக்கப்போய் ஏழாவது மாதத்தில் வயிற்றுப்போக்கில் பிள்ளையைப் பறிகொடுப்போம். மத்திய ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸைச் சுற்றியுள்ள பழங்குடிக் குடியிருப்புகள் சிலவற்றில் பெரியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்த வைரஸ் இருக்கிறது. அங்கே ஒரு தாயிடம் பால் கொடுக்காதே என்று சொல்வது அத்தனை சுலபமில்லை. நீங்கள் இருக்கும் ஃபுகுவோகாவில் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர், பக்கத்துக் கடையில் பால்பவுடர். புட்டிப்பாலில் வளரும் உங்கள் பிள்ளைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

பிரசவத்துக்கு அங்கே வரவிருக்கும் நம் அம்மாவின் விஷயத்துக்கு வருவோம். நீ நிஜமாகப் பயப்படுவது இங்கேதான் என்று எனக்குத் தெரியும். அம்மா லேகியத்துக்குச் சுக்கும் திப்பிலியும் வாங்கி வெயிலில் காயவைத்து இடித்து முடித்துவிட்டாள். பூண்டு உரித்து வதக்கிப் பாட்டிலில் அடைத்திருக்கிறாள். பால் நன்றாக ஊறச் சுறாப்புட்டு செய்ய வேண்டும், அங்கே பால்சுறா கிடைக்குமா என்று என்னிடம் கேட்கிறாள். இத்தனை வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. அதன் வாயில் முதல் நாளே புட்டியை வைப்பதைப் பார்த்தால், 'பெத்தவ பால் குடுக்காம இது என்னடா கூத்து' என்று கேட்கத்தான் செய்வாள்.

பால் சுரக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று கேட்கிறாய். வேண்டாம். அப்படிச் சொன்னால் அம்மா விடமாட்டாள். காலையில் பூண்டுக் குழம்பு, மத்தியானம் முருங்கைக்கீரை, ராத்திரி மீன் என்று அவளைப் பிடித்து ஊட்டுவாள். மாத்திரை போட்டு நிறுத்திய பாலை வரவழைக்க நம் அம்மா பாடுபடுவதை, பச்சை உடம்போடு படுத்திருக்கிறவள் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் போக, அந்தப் பொய்யில் குறை முழுவதும் அவள் தலையில் விழுகிறது. ஊருக்குத் திரும்பிய பிறகு சித்தி கேட்பார், அத்தை கேட்பார், 'ஜப்பான்காரிக்குப் பால் இல்லையாம்' என்று காலத்துக்கும் பேசுவார்கள். உண்மையைச் சொன்னால் குறை யார் மேலும் விழாது.

ஆனால் அந்த உண்மை உன்னுடையது இல்லை, அவளுடையது. அவளைக் கேட்காமல் நீயாக அம்மாவிடம் வாயைத் திறக்காதே. என்னிடம் நீ சொல்லிவிட்டதையே முதலில் அவளிடம் சொல்லிவிடு, 'அக்கா ரத்த வங்கியில் இருப்பதால் கேட்டேன்' என்று. அவள் சம்மதித்தால் அம்மாவிடம் நான் பேசுகிறேன். போனில் இல்லை, நேரில் உட்கார்ந்து. அம்மா தாங்குவாளா என்று யோசிக்காதே. அப்பாவின் கடைசி மாதங்களில் டாக்டர் சொன்னதையெல்லாம் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு, அவர் எதிரில் முகம் மாறாமல் காபி ஆற்றிக் கொடுத்தவள் அவள். விஷயம் சித்திக்கும் அத்தைக்கும் போகாது. உன் மனைவி சம்மதிக்கவில்லை என்றாலும் சரிதான். 'டாக்டர் புட்டிப்பால்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், காரணத்தைக் கேட்காதேம்மா' என்று நீ உறுதியாகச் சொல். அதிலும் பொய் இல்லை. அம்மாவுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டவும், எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடவும், தூங்கவைக்கவும் எவ்வளவோ வேலை இருக்கிறது.

உன்னைப் பற்றி நீ ஒரு வரிதான் எழுதியிருந்தாய், அதையும் அடித்துவிட்டாய். பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது குறைவு என்று மேலே சொன்னேன். உனக்கு வந்தே இருந்தாலும், பெரியவனான பிறகு தொற்றியவர்களுக்கு இந்த ரத்தப் புற்று வருவது மிக மிக அரிது. குழந்தைப் பருவத்தில் தொற்றியவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் வருகிறது. பாலைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதே அதற்காகத்தான். கால் விறைக்கும் அந்த நோய் பெரியவர்களுக்குத் தொற்றினாலும் வரலாம், ஆனால் அதுவும் ஆயிரத்தில் மூன்று கணக்குதான். சோதித்துக்கொள்வதும் விடுவதும் உன் விருப்பம். எதுவானாலும் அவளைத் தொடப் பயந்து தனியாகப் படுக்காதே. அவள் அதைத்தான் முதலில் கவனிப்பாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரியாகச் செய்தாலும் நூற்றில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கருவிலோ பிரசவத்திலோ தொற்றிவிடுகிறது. பிள்ளைக்கு மூன்று வயது ஆனபிறகுதான் சோதித்துப் பார்க்க முடியும். அதற்கு முன்னால் முடிவு தெளிவாக இருக்காது. அதுவரை அந்தப் பிள்ளையைச் சோதனைத் தாளாகப் பார்க்காமல் பிள்ளையாகவே வளருங்கள். அந்த இரண்டு மூன்றில் ஒன்றாக இருந்துவிட்டால் அன்றைக்கும் யார் மேலும் பழி இல்லை.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கும்போது மூன்று விஷயம் கேட்டு வா. அவளைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ரத்தநோய் மருத்துவர் யார், பிள்ளைக்கு மூன்று வயதில் எங்கே சோதனை, பாலை நிறுத்தும் மாத்திரையை எப்போது தருவார்கள். வைரஸ் உள்ளவர்களோடு பேசுவதற்கென்றே ஆலோசனை மையங்கள் அங்கே இருக்கின்றன. அவள் தாய்மொழியில், நீ பக்கத்தில் இல்லாமல், ஒரு முறை தனியாகப் பேச விடு. அம்மாவின் டிக்கெட்டை நான் இன்னும் போடவில்லை. உன் மனைவி என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அதற்கப்புறம் போடுகிறேன்.

அவளுக்கு என் அன்பைச் சொல். நீ ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா